கொட்டைக்குள் இருந்த வாசனை

24 மே 1979, வியாழன்

பழத்தின் தோலில் முடி இருக்கிறது. கன்றுக்குட்டியின் காதைத் தொட்ட மாதிரி இருந்தது.

பீச் பழமாம். கோடைக்கானலிலிருந்து ஒரு கூடை. மதினியின் தங்கை பூரணம் அக்காவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறார்களே, அந்த மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியது. அதே பழத்தில் கேக் செய்து அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று மதினி ஒரே பிடியாய் நிற்கிறாள். கொதிநீரில் முக்கி எடுத்தால் தோல் தானாகக் கழன்று வருகிறது. கையெல்லாம் அரிப்பு.

25 மே, வெள்ளி

மதினி கொட்டைகளைக் குழவியால் உடைத்தாள். உள்ளே பாதாம் போலவே பருப்பு.

"பாத்தியாட்டி, பாதாமே வேண்டாம். ஊறப்போட்டு அரைச்சுக் கேக்குல போட்டா வீடே மணக்கும்."

மணக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கே?

26 மே, சனி காலை

ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் திருவேங்கடத்தில் மழை பொய்த்த வருஷம் எங்கள் செவலைக்கன்று வாடிய சோளக்குருத்தைத் தின்றுவிட்டு விழுந்தது. தலை என் மடியில். வாயில் இதே வாசனை. கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

சனி மாலை

மதினியிடம் சொன்னேன்.

"ஏழாங் கிளாஸோட மாடு பத்தப் போனவ, எனக்குப் பாடம் எடுக்குதியா? இது கோடைக்கானல் பழம்ட்டி. உன் கன்னுக்குட்டி தின்ன சோளமா?"

ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தேன். கசப்பு. துப்பிவிட்டேன். கசந்தால் விஷமா? தெரியலையே. ஏற்கெனவே இரண்டு இடத்தில் அக்காவைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. நான் வாயைத் திறந்து இதுவும் கெட்டால்? திறக்காமல் இருந்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் —

கேக் வெந்துவிட்டது. மணல் போட்ட சட்டி, மூடிமேல் கங்கு. நான்தான் காவல் இருந்தேன்.

27 மே, ஞாயிறு

தட்டை என் கையில்தான் கொடுத்தாள். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஏசுவடியாள் முதல் துண்டை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் ஒன்று எடுத்தார்.

"அதுல... கொட்டைக்குள்ள இருக்க பருப்பையும் அரைச்சுப் போட்டிருக்கு."

எனக்கே கேட்காத குரல். அந்த அம்மாவின் கை நின்றது.

"பீச் கொட்டையா? எத்தனை?"

"முப்பது."

"ஏலே மாணிக்கராஜ், கீழ வையி! யாரும் தொடாதிய, அது விஷம்லா!"

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடியே துண்டைத் தட்டில் வைத்தார். மதினி முகத்தை நான் பார்க்கவில்லை. காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

28 மே, திங்கள்

மதினி கேக்கைத் துண்டு துண்டாய் அடுப்பில் போட்டாள். அக்கா என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்தாள்.

31 மே, வியாழன்

தபால் இல்லை. இன்று என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு மதினி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவிய போனதும் போனாவ, ஊமை வாயைத் திறந்த நேரம்." அக்கா எழுந்து போய்விட்டாள். நான் சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை. கன்று சாகும்போதும் நான் யாரிடமும் சொல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

4 ஜூன், திங்கள்

இன்னொரு கூடை வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ண வாரோம். கேக் வேணும். கொட்டை வேண்டாம்."

மதினி இரண்டு தடவை வாசித்தாள். கூடையை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே செய்யிட்டி."

பழங்களை நறுக்கிக் கொட்டைகளை எண்ணி எடுத்தேன். நாற்பத்தொன்று. பின்வாசலுக்குப் போய், கோழி கிளற முடியாத ஆழத்துக்குக் குழி தோண்டினேன்.