எட்டு டம்ளர் என்று நான் எழுதியது

அக்கா,

இன்று காலை பட்டாபிராமில் மின்சார ரயில் நின்றதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையை அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். அவள் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல என்று முகமே சொன்னது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நெமிலிச்சேரியில் ஏறுவீர்கள். அம்பத்தூர் தையல் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்திலாவது இறங்கி, அடுத்த வண்டி பிடிப்பீர்கள். ஒருநாள் புடவை நனைந்துவிட, என் துப்பட்டாவால் மறைத்துக் கூட்டிப்போனேன். அன்றுதான் வாய் திறந்தீர்கள்: "அடக்கவே முடியல சிஸ்டரு. மாத்திர போட்டும் ஒன்னியும் கேக்கல."

நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வழி இருந்தது. முதுகின் அடியில் மெல்லிய ஒயர் வைத்து, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பைத் தூண்டிப் பார்ப்பார்கள். சில நாளில் குணம் தெரிந்தால் சின்ன மிஷினை உள்ளேயே பொருத்துவார்கள். எல்லோருக்கும் செய்வதில்லை. யாருக்கு என்று முடிவெடுக்க, எத்தனை தடவை சிறுநீர் போகிறது, கசிகிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம் என்று மூன்று நாள் எழுதி வர வேண்டும்.

உங்களை அங்கே கூட்டிப்போய்த் தாள் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் எழுதிக் கொண்டுவந்ததில் நாளுக்கு ஆறேழு தடவைதான். கசிவே இல்லை. தண்ணீர்க் கட்டம் காலி.

"எவ்ளோ குடிச்சீங்கக்கா?"

"எப்பவும் போலத்தான் சிஸ்டரு."

உங்கள் உதடு வெடித்துக் கிடந்தது. பார்த்தேன். வெளியே கூட்டம் நெருக்கியது. எட்டு டம்ளர் என்று நானே நிரப்பினேன்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டு டம்ளர் குடிச்சும் ஆறேழு தடவைதான் போறாங்க. இவங்களுக்கு மிஷின் வேணாம், மாத்திரையே தொடரட்டும்" என்றார். நீங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனீர்கள்.

ஆடியில் வேலையை விட்டீர்கள். உங்கள் நெமிலிச்சேரி எனக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஒருநாளும் இறங்கி வந்து பார்க்கவில்லை நான். போனில், "ஊட்லயே கீறேன் சிஸ்டரு, பாத்ரூம் பக்கத்துலயே கீது" என்று சிரித்தீர்கள்.

மாரடைப்பில் நீங்கள் போன அன்று உங்கள் மகள் சொன்னாள்: "அந்த மூணு நாளும் அம்மா தண்ணியே குடிக்கலக்கா. நெறைய தடவ எழுதுனா, முத்திப்போச்சுன்னு தள்ளிடுவாங்கன்னு பயந்துச்சு."

மறுநாள், தண்ணீர்க் கட்டத்தை நானே நிரப்பியதை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா, திரும்ப எழுதிட்டு வரச் சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.

இப்போதெல்லாம் தாளைக் கொடுக்கும்போதே, "அதிகமா இருந்தா பயப்படாதீங்க, உள்ளதை எழுதுங்க" என்று உட்காரவைத்துச் சொல்கிறேன். உங்கள் மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. எங்கே பார்த்தாலும், "அம்மாவுக்காக எவ்ளோ அலைஞ்சீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கைதான் எழுதியது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.