ஓடாத மில்லில் வாளி வரிசை

21 ஏப்ரல் 1992

மதியம் கரண்ட் போனது. இதில் எழுத ஒன்றுமில்லை, தினமும் போகிறது. பகலில் சில மணி நேரம்தான் மூன்று பேஸ். மற்ற நேரம் இரண்டு பேஸ். அதில் வீட்டு விளக்கு எரியும், என் மாவு மில் ஓடாது. ஆனால் இன்று போவதற்கு முன் பல்புகள் கல்யாண வீட்டு வெளிச்சம் காட்டின. பிறகு ஊர்க் கோடி டிரான்ஸ்பார்மரில் புகை. பிறகு என் மில்லிலும் புகை. மோட்டார் காயில் கருகிவிட்டது. அரைக்க வந்த மூக்கம்மாளின் கம்பு பாதி மாவாகவும் பாதி கம்பாகவும் நின்றது.

லைன்மேன் நல்லமுத்து வந்து அண்ணாந்து பார்த்தார். "வெயிலு அண்ணாச்சி" என்றார். திருச்சுழிப் பக்கம் வெயில் போன வாரம்தான் வந்து இறங்கியது போல.

22 ஏப்ரல்

பக்கத்து ஊர் சங்கரபாண்டியன் போன மாதம் டீசல் இன்ஜின் வாங்கி மில் போட்டான். இந்த மாதம் என் மோட்டார் கருகுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

9 மே

ஊர் இன்னும் இருட்டில். புது டிரான்ஸ்பார்மர் தயாராம். ஏற்றி வர ஆபீசில் வண்டி இல்லையாம். தங்கபாண்டி தன் டிராக்டரைக் கொடுத்தார். மூக்கம்மாளின் புருஷன்; மகள் கல்யாணத்துக்கே அதை எடுக்காமல் மாட்டு வண்டி பிடித்தவர். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?

"மிளகா காயுது அண்ணாச்சி" என்றார். எல்லாருக்கும்தான் காய்கிறது.

18 மே

விளக்கு எரிகிறது. மில் எரிந்தபடியே கிடக்கிறது. மின்சார ஆபீசில் மோட்டாருக்கு நஷ்டஈடு கேட்டேன். "கரண்ட் வர்றதும் போறதும் மழை மாதிரி சார்" என்றார் என்ஜினியர். மழைக்கு மீட்டர் வைத்தது யார் என்று கேட்க நினைத்தேன். வரும்போது பஸ்ஸில்தான் அது தோன்றியது.

3 ஜூலை

விருதுநகர் வக்கீலைப் பார்த்தேன். நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "தீர்ப்பு வர்ற வரைக்கும் மோட்டாரைத் தொடாதீங்க. அதுதான் உங்க சாட்சி."

வீட்டுக்கு வந்து என் மனைவி ரூத்திடம் சொன்னேன்.

"சாட்சி பேசாமக் கெடக்கும். நாம சாப்பிடணும்ல? அரைக்க வாறவுக எல்லாம் அந்த டீசலுக்குப் போறாக. பழகிட்டா திரும்பி வருவாகளா?"

இந்த மில்லை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

12 செப்டம்பர்

எதிர்த்தரப்பின் பதில் வந்தது. டிரான்ஸ்பார்மர் கருகியதற்குக் காரணம் எங்கள் ஊர்தானாம். கிணற்று மோட்டார்களில் கள்ளத்தனமாகக் கண்டன்சர் பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். அதை மாட்டினால் மூன்று பேஸ் மோட்டார் இரண்டு பேஸிலேயே ஓடுமாம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் தாங்காதாம். குற்றத்தை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

"எங்கள் ஊரில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை" என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். உண்மை. நான் யாருடைய மோட்டார் ரூமுக்குள்ளும் போனதில்லை.

திரும்பி வரும்போது தங்கபாண்டி தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. அப்போது இரண்டு பேஸ் நேரம்.

"எப்படி?"

"ஊத்து அண்ணாச்சி. இந்த வருசம் நல்ல ஊத்து."

பனை ஆழக் கிணறு. ஊற்று தானே ஏறி வந்து வாய்க்காலில் திரும்பி, மிளகாய்ப் பாத்தி எது என்று பார்த்துப் பாய்கிறது.

17 நவம்பர்

மோட்டார் ரூம்களைச் சோதிக்க மன்றம் ஒரு வக்கீலை அனுப்புகிறது. நாளை மறுநாள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று உத்தரவு. ரூத்திடம்கூட நான் சொல்லவில்லை. பெட்டி இருந்தால் இருக்கட்டும். இருந்தால் என் வழக்கு போய்விடும். இருக்காது. இருக்குமா?

19 நவம்பர்

காலையில் மில்லைப் பெருக்கலாம் என்று போனேன். வாசலிலிருந்து ரோடு வரை வாளி வரிசை. எங்கள் ஊர் வழக்கம் இது. தானிய வாளியை வைத்துவிட்டுப் போனால் அவர்கள் இடம் அவர்களுக்குத்தான், யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். ஆனால் மில் ஓடி மாசக்கணக்காகிறது. பொங்கலுக்குக்கூட இத்தனை வாளி வந்ததில்லை.

முதல் வாளிச் சோளத்துக்குள் கையை விட்டேன். விரலில் தகரப் பெட்டி ஒன்றின் மூலை இடித்தது.

"அண்ணே, கைய எடுங்க" என்றாள் மூக்கம்மாள். பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

"இன்னைக்குச் சோதனைன்னு யாரு சொன்னது?"

"நல்லமுத்துதான்."

"அவன் மின்சார ஆபீஸ் ஆளு. எதிர்க்கட்சி."

"இருந்துட்டுப் போறாக. பெட்டிய மாட்டிவிட்டதே அவுகதான?"

ஏப்ரலிலிருந்து நான் சந்தேகப்பட்டவர்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன். தப்பான காரணத்துக்குச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

சொல்லிவிடலாமா? சொன்னால் வழக்கு போகும், மோட்டாரும் போகும், மோட்டார் வந்தாலும் அரைக்க ஆள் வராது. சொல்லாவிட்டால்— நான் கையெழுத்துப் போட்ட நாளில் எந்தப் பெட்டியையும் பார்த்ததில்லை. இன்று பார்த்தது? தொட்டேன். பார்க்கவில்லை.

மத்தியானம் வந்தார்கள். மோட்டார் ரூம்கள் கோயில் மாதிரி சுத்தம். என்ஜினியர் முகம் வாடி, கடைசியில் என் சாட்சியைப் பார்க்க மில்லுக்கு வந்தார். வரிசையைப் பார்த்தார்.

"மில்லுதான் ஓடலையே, இத்தனை வாளி எதுக்கு?"

மூக்கம்மாள் முந்திக்கொண்டாள். "அண்ணனுக்குத் தீர்ப்பு வந்து மோட்டாரு ஓடும்ல சார், அன்னைக்கு மொத ஆளா அரைக்கணும். நீங்க வேணா உங்க வாளியக் கொண்டாந்து கடைசில வைங்க."

மன்றம் அனுப்பிய வக்கீல் சிரித்துவிட்டார். ஊர் மக்கள் இந்த மில்லையே நம்பியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானியத்துல வண்டு விழுந்துரும் சார். சீக்கிரம் தீர்ப்புச் சொன்னா நல்லது" என்றேன்.

20 நவம்பர்

வாளிகள் வந்த வழியே போய்விட்டன. யாரும் நன்றி சொல்லவில்லை, எதற்கென்று சொல்வார்கள்? ஒரு வாளி மட்டும் மிச்சம். கேட்டால் ஒவ்வொருவரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். மேலே சோளம். கீழே என்னவென்று நான் பார்க்கவில்லை.

8 மார்ச் 1993

ஜெயித்துவிட்டேன். எதிர்த்தரப்பு தன் குற்றச்சாட்டை நிரூபிக்கவில்லையாம். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. முதலில் வந்து கை கொடுத்தவர் நல்லமுத்து. தோற்ற கட்சிக்காரர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ரூத் காபி கொடுத்தாள். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

2 ஏப்ரல்

புது மோட்டார் வந்தது. மூன்று பேஸ் இருக்கும்வரை அரைத்தேன். பிறகு வரிசையில் நின்றவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு சங்கரபாண்டியன் மில்லுக்கு நடந்தார்கள். ரூத் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய், மிச்சம் கிடந்த வாளியிலிருந்து சோளத்தைச் சுளகில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தாள்.

27 ஏப்ரல்

மத்தியானம் முழுக்க இரண்டு பேஸ்தான். கூட்டம் குறையவில்லை. மூக்கம்மாளின் கம்பு ஒரே மூச்சில் மாவானது. ரூத் சர்ச் காலண்டரை வீட்டிலிருந்து எடுத்து வந்து, மில் சுவரில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த தகரத்தின் மேல் மாட்டினாள்.

சங்கரபாண்டியன் சைக்கிளில் வந்தான். வாசலில் ஒரு காலை ஊன்றியபடியே நின்று கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டான். டீசல் புகைக்குழாய் இருக்கிறதா என்று கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேஸுதான அண்ணாச்சி இப்ப? எப்படி ஓடுது?"

"ஊத்து" என்றேன். "இந்த வருசம் நல்ல ஊத்து."