கமலா லாரி

வெள்ளிக்கிழமை, புக்கிட் பெலண்டோக்.

சிங்கப்பூரில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பேரனைப் பார்க்கக் கிளம்பிய என்னை ஜொகூர் எல்லையில் நிறுத்திவிட்டார்கள். லாரித் தொழிலுக்கு இத்தனை வருஷமாகக் கணக்கே காட்டவில்லையாம். வரிப் பாக்கியைத் தீர்க்கும்வரை நாட்டைவிட்டுப் போகக்கூடாதாம். கூட வந்த கணவரை யாரும் தடுக்கவில்லை.

எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றுவதற்கு அவர் லாரி வாங்கியபோது, தொழிலை என் பெயரில்தான் பதிந்தார். லாரி நெற்றியில் ‘கமலா’ என்று எழுதினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் வேலை செய்யும் கிளினிக்கில் சம்பளத்திலேயே மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள், அதோடு சரி என்றிருந்தேன். குலை ஏற்றும் காசிலும் எஸ்டேட்டே வரி பிடித்துவிடும் என்று அவர் நினைத்தாராம்.

திரும்பி வரும்போது, சிரம்பான் தாண்டியதும் கேட்டார்.

“ராசியான பேருன்னுதான் வச்சேன் லா. வேணும்னா அழிச்சிரவா?”

“வேணாம். திங்கக்கெழம நானே வரி ஆபீஸ் போயி தவணை கேக்குறேன். சாவியக் குடுங்க.”

“எந்த சாவி?”

“லாரி சாவி. என் லாரிதானே?”

வீடு வந்ததும் கொடுத்துவிட்டார். என் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்போதைக்கு இரண்டில் அதுதான் ஓடும்.