சட்டையில் ஒட்டிய சிவப்பு அம்பு

செவ்வாய், காலை

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் முறை. கேட்டால் பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். ஆறு நாளாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன், மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா அக்கா, ஆனா எழுதி அனுப்பினா படிப்பா" என்றார். சரி, நம் வாய்க்குத்தான் வேலை இல்லை, கைக்காவது கொடுப்போம் என்று பேனாவை எடுத்தேன்.

பாப்பா பிறந்து இன்றோடு ஒரு வாரம். எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் என்ன அவசரமோ அவளுக்கு, உன்னைப் போலவே. ஆயிரத்து முந்நூற்று இருபது கிராம் என்று மாப்பிள்ளை சொன்னதும் சமையலறை காலண்டரில் எழுதி வைத்தேன். மறுநாள் முப்பது குறைந்தது என்றார், எழுதினேன். அடுத்த நாள் இன்னும் நாற்பது. அதை எழுதக் கை வரவில்லை. நேற்றுதான் பத்து கிராம் ஏறியிருக்கிறாளாம். அதைப் பெரிதாக எழுதிக் கட்டம் போட்டேன்.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பாப்பா கொஞ்சம் தேறியதும் சட்டை போடலாம், வீட்டில் தைத்தது ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் கேட்டாளாம். நீ எழுந்து வெளியே போய்விட்டாயாம். அன்றிலிருந்து பாப்பா இருக்கும் கண்ணாடிப் பெட்டி வரைக்கும் வருகிறாய், முழங்கை வரை கை கழுவுகிறாய், ஆனால் உள்ளே கை விட மாட்டேன் என்கிறாய். "என் உடம்புலதான் ஏதோ குறை" என்று அவரிடம் சொன்னாயாம்.

வாலு, நன்றாகக் கேள். உன் பிள்ளைக்கு ஒரு முழத் துணிகூட இல்லாமல் போனதற்குக் காரணம் நான். போன தடவை பிள்ளை தங்காமல் போனபோது, நீ ஆசையாகத் தைத்து வைத்த துணிப் பெட்டியை, நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்து காலி செய்தவள் நான்தான். அதற்கு முந்தின தடவையும் நான்தான். மூன்றாவது முறை அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் இந்தத் தடவை ஒன்பதாம் மாதம் வரை ஊசியைத் தொடாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். நீ அந்த மஞ்சள் துணியை வாங்கிப் போட்டோ அனுப்பினபோது எவ்வளவு கத்தினேன்! எடுத்து உள்ளே வை, என் கண்ணில் காட்டாதே என்றேன். என் பயத்துக்கு நீ கட்டுப்பட்டாய். பாப்பா யாருக்கும் கட்டுப்படவில்லை, வந்துவிட்டாள்.

அதனால் இப்போது நான் தைக்கிறேன். சிரிக்காதே. இருபது வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று, அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நான். சட்டையை உள்பக்கம் திருப்பு, நூல் பிசிறை வெட்டு, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டு, தள்ளு. முழுதாக ஒரு சட்டை தைத்து எத்தனை காலமாகிறது! நம் இரண்டு பேரில் தையல் உனக்கு, வாய் எனக்கு என்று முன்பே பிரித்துக்கொண்டோமே. கீழ்வீட்டு டீச்சரிடம் மெஷினை இரவல் வாங்கியிருக்கிறேன். தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம், கம்பெனி வேன் வரும்வரை தைக்கிறேன்.

கடைத்துணி எதைத் தொட்டாலும் முரடாகத் தெரிந்தது. கடைசியில் உன் அத்தானின் பழைய பனியன் மூன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து வெட்டினேன். தோய்த்துத் தோய்த்து அது பூவாக இருக்கிறது. "என் மானத்தை வெட்டி மகளுக்குச் சட்டை தைக்கிறியா" என்று கேட்டுவிட்டு, நாலாவது பனியனையும் கழற்றிக் கொடுத்தார். முதல் நாளிலிருந்தே மகள் என்றுதான் சொல்கிறார்.

அளவு கேட்டேன், நீ அனுப்பவில்லை. போட்டோவில் பாப்பா மாப்பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறாள் இல்லையா? உன் அத்தானின் சுண்டுவிரலை டேப்பால் அளந்தேன். அதிலிருந்து அவள் கை, கையிலிருந்து தோள், தோளிலிருந்து மார்பு என்று கணக்குப் போட்டேன். தொப்பிக்கு ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம். அது தொப்பியோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறது, உரித்துத் தின்ன ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சட்டை முன்பக்கம் முழுக்கத் திறக்கும், நாடாவால் கட்டிக்கொள்ளலாம். தலை வழியாக நுழைக்க வேண்டாம், எந்தக் குழாயையும் இடிக்காது. கையுறை ஒரு ஜோடி, என் கட்டைவிரல் அளவு. காலுறையில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது, எது என்று சொல்ல மாட்டேன். தோளிலும் பக்கவாட்டிலும் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருக்கிறேன். அவள் வளர வளரத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்.

வேன் ஹாரன் அடிக்கிறது. வர வேண்டும் என்று துடிக்கிறேன், வீசா காகிதம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை. அதுவரைக்கும் உன் கையை என் கை என்று நினைத்துக்கொண்டு, உள்ளே விட்டு அவளைத் தொடு. ஒரு விரல் போதும்.

அன்புடன்,
உன் அக்கா


வெள்ளி, மதியம், கம்பெனி சாப்பாட்டு அறை

அன்பு வாலு,

இந்தக் கடிதம் சட்டைப் பெட்டிக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். சேராது என்று தெரியும்.

பெரிய தப்பு ஒன்று நடந்துவிட்டது. புதன்கிழமை கிளம்பும்போது சட்டையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பார்த்தேனா, இருபது வருஷப் பழக்கம், கை தானாக ஸ்டிக்கர் தாளை எடுத்துவிட்டது. கழுத்து லேசாகக் கோணல், ஒரு அம்பு. இடது நாடா வலதைவிடக் குட்டை, ஒரு அம்பு. முதுகில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது, அங்கே ஒன்று. சாயங்காலம் வந்து திருத்தலாம் என்று மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். உன் அத்தான், மகளுக்குச் சீக்கிரம் போய்ச் சேரட்டுமே என்று, சட்டையை அப்படியே மடித்து மற்றதோடு என் கடிதத்தையும் பெட்டியில் போட்டுக் கூரியரில் கொடுத்துவிட்டார். அம்பு கண்ணில் படவில்லையா என்று கேட்டால், "அலங்காரம்னு நெனச்சேன்" என்கிறார்! அவரை என்ன செய்ய?

கூரியர் ஆபீசுக்கு ஓடினேன். பெட்டி அப்போதே விமானம் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நேற்று ஒரு பக்கம் கையே வைக்காமல் தைத்த சட்டையை நான் சரி என்று தள்ளிவிட்டேன், சூப்பர்வைசர் எடுத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

நீ பெட்டியைத் திறக்கும் காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது. குறை, குறை என்று நீயே உன்னைக் குத்திக்கொண்டிருக்கிற நேரத்தில், பிள்ளையின் முதல் சட்டையில் அக்கா மூன்று இடத்தில் விரல் நீட்டிக் காட்டியிருக்கிறாள். அந்த அம்பு என் தையலுக்குத்தான் வாலு. உனக்கு இல்லை. அவளுக்குச் சத்தியமாக இல்லை. பிய்த்துக் குப்பையில் போடு. சட்டையைப் போட மனம் வராவிட்டால் அதையும் போடு.

மணி அடித்துவிட்டது. கோபம் இருந்தால் போன் செய்து திட்டு. உன் குரலைக் கேட்டால் போதும்.

அக்கா


திங்கள், காலை

அன்புள்ள வாலுவுக்கும் பாப்பாவுக்கும்,

சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு பெட்டி. உன் கையெழுத்து. நான் அனுப்பிய அதே அட்டைப் பெட்டி, விலாசத்தை மட்டும் அடித்துவிட்டு என் விலாசம் எழுதியிருந்தாய்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. பெட்டி வந்ததா என்று கேட்டால், மாப்பிள்ளை "அவளே எழுதுவா அக்கா" என்று பாப்பாவின் எடையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். முந்தின நாள் முழுக்க மாப்பிள்ளையும் போன் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைத் துணி திரும்பி வந்தால் நான் என்ன நினைப்பேன்? கையில் எடுத்தால் பெட்டியில் கனமே இல்லை. உன் அத்தான் பிரிக்கப் போனார், தொட விடவில்லை. மாப்பிள்ளைக்கு மறுபடி போன் அடித்தேன், மணியே போகவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். யாரோ குழந்தைக்குப் பரிசா என்று கேட்டார்கள், தலையை மட்டும் ஆட்டினேன்.

செக்கிங் மேசைக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மணி வரைக்கும் வேலை பார்த்தேன். எத்தனை சட்டை கையில் வந்தது, எதைத் தள்ளினேன், ஒன்றும் தெரியாது. பக்கத்து மேசை பட்டன் அக்கா, பட்டன் மட்டுமே பார்ப்பாளே, அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "நீ திரும்பிக்கோ, நான் பிரிக்கிறேன்" என்று கத்தரியால் டேப்பை வெட்டினாள். துணியை உதறும் சத்தம் கேட்டது. பிறகு, "இது போட்ட சட்டைடீ" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சட்டை ஒன்றுதான் இருந்தது. தொப்பி, கையுறை, காலுறை எதுவும் இல்லை. நாடா இரண்டும் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருண்டிருந்தன. கழுத்தோரம் பால் கறை. நான் ஒட்டிய மூன்று அம்பும் காணோம். கை சும்மா இருக்குமா, உள்பக்கம் திருப்பினேன். வலது தோள் தையலில், நான் ஒரு விரல் அகலம் துணி விட்ட இடத்தில், ஒரே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

இருபது வருஷத்தில் ஒரு குறையைப் பார்த்து நான் அப்படி அழுததில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார்.

மாப்பிள்ளை பிறகுதான் கூப்பிட்டார். போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம், அதைச் சொல்லும்போது சிரிக்கிறார், எனக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. முழுக்கதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டி வந்த அன்று நீ சட்டையில் இருந்த அம்பைப் பார்த்துவிட்டு, பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாயாம். "பச்சைப் பிள்ளைக்கும் செக்கிங்கா" என்றாயாம். அம்பு மூன்றையும் பிய்த்துப் பிரிஜ்ஜில் ஒட்டினாயாம். சட்டையைத் துவைத்துக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்தாய், அவள்தான் பாப்பாவுக்குப் போட்டாள். மூன்றாம் நாள் எட்டி நின்றபடியே, பாப்பா தோளை நெளிக்கிறாள், ஏதோ உறுத்துகிறது என்றாயாம். நர்ஸ் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றாளாம். நீ கேட்கவில்லை. நேராக வந்து, உள்ளே கை விட்டு, நாடாவை அவிழ்த்துத் தோளைப் பார்த்தாய். தையல் பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. அதற்கப்புறம் கையை வெளியே எடுக்கவே இல்லையாமே. அன்றிலிருந்து சட்டை போடுவதும் கழற்றுவதும் நீதானாம். பிரிஜ்ஜிலிருந்து ஒரு அம்பைப் பிய்த்து அந்தத் தையலில் ஒட்டி எனக்கு அனுப்பியதும் நீதானாம்.

அந்தக் கோட்டுக்கு நான் பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வளர்வாள் வளர்வாள் என்று என் ஆசையை எல்லாம் உள்ளே மடித்துத் தைத்தேன், அது போய் அவள் தோலை உறுத்தியிருக்கிறது. காகிதம் மாதிரித் தோல் என்று எனக்குத் தோன்றவில்லையே!

நேற்று ஞாயிறு, நாள் முழுக்க மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. நாலு சட்டை. எல்லாவற்றிலும் தையலை வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன். அதிகமாக விட்ட துணி, மடிப்பு, ஓரம் எல்லாம் வெளியே தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், எங்கள் கம்பெனியில் இப்படி வந்தால் கட்டோடு திருப்பி அனுப்புவோம். உள்பக்கத்தை என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், உன் அத்தானின் கன்னத்தில் தேய்த்தேன், கீழ்வீட்டு டீச்சரையும் விடவில்லை. ஒரு இடமும் உறுத்தவில்லை. துணி மட்டும் தாராளமாக விட்டிருக்கிறேன், அதைக் குறைக்க மாட்டேன்.

பெட்டியின் அடியில் துணி வெட்டப் பேப்பரில் ஒரு மாதிரி வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். ஆறு மாதக் குழந்தையின் கவுன் அளவு. உன் மஞ்சள் துணியை வெளியே எடு. நான்தானே உள்ளே வைக்கச் சொன்னேன், நானே சொல்கிறேன், எடுத்து வெட்டு. அதை நீதான் தைக்க வேண்டும், எனக்குச் சுருக்கம் வைக்க வராது.

நேற்று ஆயிரத்து எழுநூற்றுப் பத்து என்று மாப்பிள்ளை சொன்னார். காலண்டரில் இடம் பத்தாமல் சுவரில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் போன் மணி அடித்தால் இன்னும் பயந்துகொண்டேதான் எடுக்கிறேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும். சீக்கிரம் போகாது இது.

இந்த நாலு சட்டையையும் நான் செக் பண்ணவில்லை. சிவப்பு அம்பு ஒரு முழுத் தாள் இத்துடன் வைத்திருக்கிறேன், இனி அது உன் வேலை. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பு வாலு. கை குட்டையாகிவிட்டது என்று ஒட்டி அனுப்பு. மார்பில் பிடிக்கிறது என்று ஒட்டி அனுப்பு. நாடா எட்டவில்லை, தொப்பி நுழையவில்லை என்று ஒட்டு. "என்னக்கா தைக்கிறே, ஒண்ணுமே பத்தலை" என்று திட்டி எழுது. வாசலில் இன்னொரு முறை அந்தப் பெட்டியைப் பார்த்தால் பயப்பட மாட்டேன்.

நான் தைத்தது எல்லாம் அவளுக்குச் சீக்கிரம் சின்னதாகிப் போகட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் பெரியம்மா