அச்சில் வந்த உயரம்

ஜூன் 4, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. அப்பாவிடம் போனில் பேசும்போது நான் எழுதினேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. பதிலை நம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். உறையின் பின்பக்கம் என் தோழியின் முகவரி இருக்கிறது, அங்கே அனுப்பு.

கணுக்கால் வீக்கம் வற்றியதா? போன ஆட்டத்தில் உன்னைக் கடைசியில்தான் இறக்கினார்கள். அந்த மலை மலையான ஆட்களின் கைகளுக்கு அடியில் நீ பந்தைத் தட்டிக்கொண்டு புகுந்து போனதை டிவியில் பார்த்தோம். "பாவம், எவனாச்சும் தெரியாம மிதிச்சிடப் போறான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்கு அப்பா அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூடைப்பந்து அணியின் பட்டியல் செய்தித்தாளில் வந்ததல்லவா, அதில் உன் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்று போட்டிருந்தது. அப்பா அதைக் கத்தரித்துத் தையல் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டுகிறார். "பதினாறு வயசுல அஞ்சடி ஆறோட நின்னுட்டான். இனிமே வளரமாட்டான்னு எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. நான் விடல. ஊசி போட்டேன். வெளியூர் போனப்புறம் மருந்து வேலை செஞ்சிருக்கு. இப்ப பாத்தீங்களா?"

நான் பள்ளி அணியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர், "பொண்ணுகிட்ட ஆட்டம் இருக்கு, உயரம்தான் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அப்பா, உனக்கு ஊசி கொண்டுவந்து கொடுத்த அந்த உடற்பயிற்சிக் கூடத்து ஆளைக் கூட்டி வந்தார். பெயர் ஒட்டாத குப்பிகள். ஃபிரிஜ்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. தினமும் நான் தூங்குவதற்கு முன் அப்பா மரஸ்கேலால் என் கதவைத் தட்டுவார். அவரே ஊசி போடுவார். அம்மா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை நிலைக்கதவில் நிறுத்தி, தலைமேல் அதே ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடுவார். உன் பழைய கோடுகள் அதற்குமேல் இருக்கின்றன.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நீ நிஜமாகவே வளர்ந்தாயா? வளர்ந்திருந்தால் சொல், பல்லைக் கடித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அதை அப்பாவிடம் சொல்.

உன் தங்கை


ஜூன் 17

என் பொடிசுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். கணுக்கால் பரவாயில்லை.

நான் வளரவில்லை. பதினாறு வயதில் எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன். கிளப்பில் சேர்ந்த அன்று மேனேஜர் உயரம் கேட்டார். "அஞ்சடி ஆறு சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அத அச்சுல போட்டா எவன்யா டிக்கெட் வாங்குவான்? ஒன்பதுன்னு போட்டுக்கோ." இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் அணியின் பெரிய பூதத்துக்கே ஓர் அங்குலம் கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள். என்னை இங்கே பட்டன் என்று கூப்பிடுகிறார்கள். தையல்காரர் மகன், அதோடு சின்னது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வெளியாள் வந்து அளக்கிற நாளில் படுக்கையிலிருந்து எழுந்து நேராகப் போய் நிற்பேன். காலையில் மனிதன் கொஞ்சம் நீளமாக இருப்பான், சாயங்காலத்துக்குள் அமுங்கிவிடுவான். காலுறைக்குள் குதிகாலுக்கு அடியில் பஞ்சும் வைப்பேன். சிரிக்காதே.

போன மாதம் அப்பா தைத்து அனுப்பிய கால்சட்டைகள் அச்சில் வந்த உயரத்துக்கு இருந்தன. இங்கே ஒரு தையல்காரரிடம் கொடுத்துக் குறைத்துக்கொண்டேன். அவர் அப்பாவின் தையலைப் பிரிக்கும்போது பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்து நின்றேன்.

அந்த ஊசியால் எனக்கு மூட்டு வலிதான் மிச்சம். வேறொன்றும் நடக்கவில்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் குனிந்து குனிந்தே வாழ்ந்த மனுஷன் நிமிர்ந்து நடப்பது அந்தத் துண்டுத் தாளை வைத்துத்தான். இந்த மாதக் கடைசியில் புது ஒப்பந்தம் போடுகிறார்கள். அது முடியட்டும், நானே அப்பாவுக்கு எழுதுகிறேன். அதுவரை காய்ச்சல் என்று சொல்லிச் சமாளி.

உன் அண்ணன்


ஜூலை 9, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் நாடகம் சில நாள்தான் ஓடியது. அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனும் இதத்தான் சொன்னான்" என்றார்.

என் குரல் மாறிவிட்டது. பாட்டு டீச்சர் என்னைப் பின்வரிசைக்குப் போகச் சொல்லி, "நீ சும்மா வாய மட்டும் அசைம்மா" என்றார். வகுப்பில் என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்கிறார்கள். மேலுதட்டில் முடி வருகிறது. அப்பாவின் சின்னக் கத்தரியை எடுத்து வெட்டிக்கொள்கிறேன். மாதாமாதம் வருவது இரண்டு மாதமாக வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒரு வேலை செய்தேன். கோட் சட்டையின் தோளுக்குள் வைத்துத் தைப்பார்களே பஞ்சுத் திண்டு, கடையிலிருந்து அதில் ஒன்றை எடுத்து வந்து உச்சந்தலை முடிக்குள் ஒளித்துப் பின்னிக்கொண்டேன். கோடு உன் கோட்டை எட்டிவிட்டால் ஊசியை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கோடு போட்டார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறுதுடி" என்று சொல்லி என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்பா என்னைத் தூக்கி எத்தனை வருடமாயிற்று. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த உடற்பயிற்சிக் கூடத்து ஆள் இன்னொரு பெட்டி கொண்டு வந்தான். "வேலை செய்யுதுல்ல, இப்ப நிறுத்துனா போச்சு" என்றான்.

ஒப்பந்தம் முடிந்திருக்குமே. அப்பாவுக்கு எழுதிவிட்டாயா?

உன் தங்கை


ஜூலை 28

பொடிசுக்கு,

ஒப்பந்தம் இல்லை. புதுப் பயிற்சியாளர் வந்திருக்கிறார். பந்தைக் கடத்துகிறவனும் பனைமரம் மாதிரி இருக்க வேண்டுமாம். "பட்டன் இல்லாமலும் சட்டை போட்டுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது இருப்பது ஒரு சின்ன கிளப். பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மேலே ஆட்கள் நடந்தால் தலையில் மண் கொட்டும். அதற்குள் நிமிர்ந்து நிற்க முடிகிற ஆள் இந்த அணியிலேயே நான் ஒருவன்தான்.

நேற்று அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். மேனேஜர் சொன்னது, பஞ்சு, கால்சட்டை, மூட்டு வலி, எதையும் விடவில்லை. உன்னை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. இனி தலையில் எதையும் வைத்துக்கொண்டு நிற்காதே. இது இத்தோடு முடிந்துவிடும்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 11, இரவு

அண்ணா,

முடியவில்லை.

அப்பா உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய டீம்ல கழட்டி விட்டதும் புள்ள மனசு ஒடிஞ்சு போச்சு. அதான் தன்னத்தானே குட்டைன்னு எழுதுறான்." பிறகு எழுந்து போய் அன்றைய செய்தித்தாளைக் கொண்டு வந்தார். உன் புது கிளப்பின் பட்டியல். உனக்கு ஐந்தடி பத்து என்று போட்டிருக்கிறார்கள். "அச்சடிக்கிறவனுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? இன்னும் வளர்றான் பாரு." அதையும் கத்தரித்துப் பழையதற்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். உனக்குப் புதுக் கால்சட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் ஓர் அங்குலம் கூட்டி.

நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்று காலை அளந்து முடித்ததும் பின்னலைப் பிரித்துத் திண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நான் வளரலப்பா. அண்ணனும் வளரல" என்றேன். அவர் திட்டவில்லை. திண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை மறுபடி நிற்கச் சொல்லி அளந்தார். ஸ்கேல் பழைய கோட்டிலேயே வந்து நின்றது. அதன்பிறகு போனை எடுத்து அந்த ஆளிடம் பேசினார்.

"மருந்து பத்தல போலருக்குப்பா. இன்னிலேருந்து ரெண்டா போட்டுடட்டுமா?"

வளர்ந்தேன் என்றாலும் ஊசி, வளரவில்லை என்றாலும் ஊசி. இனி நான் எதைச் சொல்வது?

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீ வா. வந்து அந்த நிலைக்கதவில் உன் கோட்டுக்கு நேராக நில். நம் பேச்சை அப்பா நம்பமாட்டார், தன் ஸ்கேலை நம்புவார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆட்டங்கள் முடியட்டும், பிறகு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. காலையில் வராதே, சாயங்காலமாக வா. நாள் முழுக்க நடந்துவிட்டு வா. செருப்பை வாசலிலேயே கழற்றிவிடு. காலுறை போட்டிருந்தால் அதையும் கழற்றி அப்பா கண்முன்னால் உதறிக் காட்டு. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால் இன்னும்

ஸ்கேல் சத்தம். அண்ணா, கதவைத்