அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டியது

ஆம்பூரிலிருந்து வந்து குளித்தாயிற்று. கழற்றிப் போட்ட சட்டையிலிருந்து அழுகின முட்டை நாற்றம் இன்னும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நாம் பிராசஸ் இன்ஜினியர்களாக இருந்த காலமெல்லாம் இந்த நாற்றத்துக்குத்தான் பயந்தோம். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வாய்: "மூக்க நம்பாத. இந்த கேஸ் ஜாஸ்தியானா மொதல்ல மூக்குதான் சாவும். நாத்தம் நின்னா ஓடிடு." மீட்டர் வைத்துப் பார்க்காமல், மாஸ்க் இல்லாமல், மேலதிகாரியே வந்து நின்றாலும் ஒரு டேங்கைத் திறக்கக் கையெழுத்துப் போடமாட்டாய். பிடிவாதக்காரன் என்று பேர் வாங்கினாய். உன் ஷிப்டில் ஒருவரும் சாகவில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகாவது சும்மா இருந்தாயா? ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாதுகாப்பு ஆலோசகர் ஆனாய். காற்று சிலிண்டரும் மாஸ்க்கும் வந்ததும் மாட்ட, கழிவுத் தொட்டிக்கு மேலே சுவரில் நீயே கொக்கி அடித்து வைத்தாய். கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "வாங்கிடலாம் சார், இப்ப இன்னா அவசரம்?" என்பாராம். போனில் என்னிடம் சொல்லித் திட்டித் தீர்ப்பாய்.

நாற்றத்திலேயே பிழைக்கிற ஊர் அது. நாற்றம் நின்றால் தொட்டி சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். அப்படி நம்பித்தான் அன்றைக்கு ஒரு தொழிலாளி இறங்கி மயங்கி விழுந்தார். வெறும் மூச்சோடு நீயும் இறங்கினாய். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டாய். மேலே இருந்தவர்கள் இழுத்துவிட, அவர் பிழைத்தார். கயிறு மறுபடி கீழே வந்தபோது பிடிக்க உனக்குத் தெம்பில்லை.

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஊருக்கெல்லாம் சொன்னதை நீ மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே இறங்கினாய்.

இன்று உன் முதலாண்டு நினைவுக் கூட்டம். மேனேஜர் மைக்கைப் பிடித்து உன்னைத் தெய்வம் என்றார். மாலை போட்ட உன் படத்தை எங்கே மாட்டியிருந்தார்கள் தெரியுமா? அதே கொக்கியில்.

"மாஸ்க் எங்கங்க?" என்றேன்.

"ஆர்டர் போட்டிருக்கோம் சார். நல்ல நாளும் அதுவுமா ஏன் அந்தப் பேச்சு?"

எதைப் பார்த்து நல்ல நாள் என்றார் அந்த மனிதர்? எட்டிப் படத்தைக் கழற்றினேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"மொதல்ல இங்க மாஸ்க்க மாட்டுங்க. அப்புறம் படத்த நானே கொண்டாந்து தர்றேன்."

உன்னால் பிழைத்தவர் மட்டும் எழுந்து வந்தார். "குடுங்க சார், நான் எடுத்தாறேன்," என்று பஸ் ஸ்டாண்டு வரை உன்னைச் சுமந்து வந்தார்.

வேலூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது என் மேசை மேல் சாய்ந்து நிற்கிறாய். என் வீட்டுச் சுவரில் உனக்கு ஆணி அடிக்கமாட்டேன்.