பள்ளத்துக் குழாயின் கடைசிக் குடம்

பாய்,

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவர் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். அந்த இரைச்சல் என் சமையலறை வரை கேட்டது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாசல் வரை போனவன், உங்கள் நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக அதே இரைச்சலைக் கூச்சமில்லாமல் போட்டவன்தானே நான்!

உங்களை எனக்குப் பிடிக்காமல் இருந்தது என்பதை இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? வார்டுத் தேர்தலில் உங்களுக்கு எதிராக நின்ற ஆளுக்கு நான்தான் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினேன். நீங்கள் ஜெயித்தீர்கள். ஜெயித்த மாதமே, எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த உங்கள் சொந்த வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற கடைசித் தெருவில், கடைசி வீட்டுக்கு வாடகைக்குப் போனீர்கள். அங்கே வீட்டுக் குழாய்களில் தண்ணீர் ஏறாது. உங்கள் வாசலில் ஒரு பள்ளம் தோண்டி, அதற்குள் தாழ்வாக வைத்த ஒரே குழாயில்தான் தெருவே பிடிக்கும்.

"எல்லாம் ஓட்டுக்குப் போடற வேஷம். மூணே மாசம், மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவாரு பாரு" என்று டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். மூன்று மாதம் மூன்று வருஷமாயிற்று. நீங்கள் திரும்பி வரவில்லை.

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தீர்கள். வீட்டின் பின்கட்டில் பொம்மை வார்க்கிற சின்னப் பட்டறை. குடிக்க வருகிற தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துக் களிமண்ணில் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து முடித்தீர்கள்.

"அண்ணே, உங்க வூட்டு மோட்டாரு ஆறே காலுக்குப் போட்டு ஏழு மணிக்கு நிறுத்தறீங்க. சரிதானுங்களே?"

"எவன் சொன்னான்?" என்று எகிறினேன்.

"எங்க பள்ளத்துக் குழாய்தான் சொல்லுது. ஏழு மணிக்கு மேலதான் அதுக்கு உசுரு வருது."

"அப்ப ஆளை வுட்டுக் கழட்டிக்கிட்டுப் போங்க. கவுன்சிலராச்சே, அதிகாரம் இருக்குது இல்ல?"

நீங்கள் சிரித்தீர்கள். "கழட்டினா நாளைக்கே வேற மாட்டுவீங்க. தொட்டிப் பக்கத்துல இருந்தப்ப எனக்கும் தெரியாதுண்ணே. தொறந்தா கொட்டுது, ஊருக்கே கொட்டுதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பொறுப்புல இருக்கறவன் கடைசில புடிக்கணும். அவன் கொடம் நெறஞ்சாதான் எல்லாருக்கும் நெறஞ்சுதுன்னு அர்த்தம். போயிட்டு வரேங்க."

நான் மோட்டாரைக் கழற்றவில்லை. உங்கள் குட்டை உடைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் உங்களுக்கு மட்டும் ரகசியமாக ஏதாவது செய்வான் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்கு வந்தேன். வரிசையில் கடைசியாகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் நின்றிருந்தீர்கள். "பாய், முன்னால வாங்க" என்று ஓர் அம்மா கூப்பிட்டார்கள். "நான் முன்னால வந்துட்டா பின்னால நிக்கறவங்கள யாருங்க பாக்கறது?" என்றீர்கள். உங்களுக்கு முன்னால் நின்றவரின் குடம் பாதி நிறையும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. இரண்டு காலிக் குடங்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடிபம்பைத் தேடிப் போனீர்கள். உங்கள் வாசல் குழாய், உங்கள் வார்டு, உங்கள் அதிகாரம்! அடேயப்பா, இப்படியும் ஒரு மனுஷனா!

அதற்கு மறுநாளும் ஆறே காலுக்கு என் கை சுவிட்சைத் தட்டியது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் சித்திரையில், விடிகாலைத் தொழுகை முடிந்து வந்தவர் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டு, மோட்டாரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தேன். உங்களைக் குளிப்பாட்ட வைத்திருந்த அண்டா காலியாக இருந்தது. லாரித் தண்ணீர் வர நேரமாகும் என்றார்கள். பள்ளத்துக் குழாயில் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. அது ஏன் அப்படி ஒழுகுகிறது என்று அங்கிருந்தவர்களில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சைக்கிளை மிதித்தேன். முதலில் என் மோட்டாரை நிறுத்தி வயரைப் பிடுங்கினேன். பிறகு எங்கள் தெருவில் என்னைப் போல மோட்டார் வைத்திருந்தவர்கள் கதவை வீடு வீடாகத் தட்டினேன். "பாயைக் குளிப்பாட்டணும், மோட்டார நிறுத்துங்க." ஒவ்வொரு வீட்டிலும் இரைச்சல் அடங்கியது.

திரும்பி வந்தபோது பள்ளத்துக் குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. உங்கள் மகன் அண்டாவோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அப்போது உள்ளே, திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் மனைவியின் குரல் வந்தது:

"தெருவுல எல்லாரும் புடிச்சிட்டாங்களா?"

"இன்னைக்காவது மொதல்ல பாய்க்குப் புடிக்கட்டும்மா" என்று யாரோ அழுதபடி சொன்னார்கள்.

"வாணாம். அவுரு எப்பவும் கடைசிலதான் புடிப்பாரு."

மகன் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அழுதுகொண்டே ஒவ்வொருவராகக் குடம் எடுத்து வந்து பிடித்தார்கள். கடைசி வீட்டுக் குடமும் நிறைந்த பிறகுதான் உங்களுக்கான தண்ணீர் உள்ளே போனது. பதவியில் இருந்தவர்கள் எத்தனையோ பேரின் சாவுக்குப் போயிருக்கிறேன், பாய். அவர்களுக்காக ஊர் ஒதுங்கி நிற்கும். ஊருக்காகத் தன் கடைசிக் குளியலிலும் காத்திருந்த மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கை கூப்பத்தான் தெரிந்தது.

அந்த மோட்டாரைப் பிறகு நான் மாட்டவேயில்லை. வீட்டில் குழாய் இருந்தாலும், குடிக்கிற தண்ணீருக்குக் காலையில் குடத்தோடு பள்ளத்துக் குழாய்க்குப் போய், எல்லாரும் பிடித்தபின் பிடிக்கிறேன். பதவி ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனாலும் கடைசியில் நின்றால்தான் யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தெரிகிறது.

இன்றைக்குக் குடம் நிறையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேராக அந்தப் புதியவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"தண்ணி வேணுங்களா? உள்ள வாங்க, நெறய வருது, புடிச்சிக்குங்க" என்றார். நல்ல மனுஷன்தான். தொட்டிப் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு என்கூட ஒரு எடத்துக்கு வாங்க சார்" என்றேன். காரணம் தெரியாமலே சரி என்று தலையாட்டினார்.

அவருக்கும் ஒரு குடம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.